பழங்குடிப் பிள்ளைகளுக்கு எல்லாச் சலுகையும் இருக்கிறதே, அப்புறம் என்ன தடை?

வாசகர் கேள்வி, 11 ஜூன் 2024

எங்கள் ஊர் ஓரத்தில் இருளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. இலவச விடுதி, உதவித்தொகை, தனி இடஒதுக்கீடு, இப்போது வீடும் கட்டித் தருகிறார்கள். இவ்வளவு கொடுத்தும் பிள்ளைகள் பத்தாவது தாண்டுவதில்லை. குறை அரசிடமா, அவர்களிடமா? மேடைப் பேச்சு வேண்டாம்.

12 ஜூன் 2024

மேடைப் பேச்சு எனக்கு வராது. 1988இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2017இல் ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் ஓர் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில், சாதிச் சான்றுக் கோப்புகள் வந்துபோகும் மேசையில் ஓடியது. எனக்குத் தெரிந்த அந்த ஒரு கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன விடுதி, உதவித்தொகை, ஒதுக்கீடு எல்லாம் இருக்கின்றன. பொய்யில்லை. ஆனால் பெரும்பாலானவை ஒரே ஒரு காகிதத்துக்குப் பின்னால் இருக்கின்றன: பழங்குடியினர் சாதிச் சான்று. மற்றவர்களுக்குத் தாசில்தாரோ துணைத் தாசில்தாரோ கொடுத்துவிடுவார். பழங்குடியினருக்கு மட்டும் 11.11.1989 முதல் ஆர்டிஓ கையெழுத்து வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் மனு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று படியேறி அவரிடம் போகும். ஒவ்வொரு படியிலும் கேட்பது ஒன்றுதான். அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா? தாத்தாவுக்கு? ரத்த உறவில் வேறு யாருக்காவது?

எப்படி இருக்கும்? பள்ளிக்கூடமே போகாத அப்பா எதற்காகச் சாதிச் சான்று வாங்கியிருப்பார்? நிலம் இல்லை, அதனால் பத்திரம் இல்லை. ஏரிக்கரையில் குடிசை, அதனால் பட்டா இல்லை. எந்தக் காகிதமும் எட்டாத வாழ்க்கை என்பதால்தானே பழங்குடிப் பட்டியலில் வைத்தோம். வைத்துவிட்டு, காகிதம் கொண்டுவா என்கிறோம்.

இப்போதும் ஒரு பெண்ணின் மனுவோடு அலைந்துகொண்டிருக்கிறேன். பன்னிரண்டாவது தேறியிருக்கிறாள். கல்லூரிக் கலந்தாய்வு ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் சான்று இல்லை. அவள் அம்மா என்னைச் "சாமி" என்றே கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிடாதீர்கள் அம்மா, ஐயா என்றால் போதும் என்றேன். "சரி சாமி" என்றார்.

13 ஜூன் 2024

எண்ணிக்கை கேட்டவருக்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மக்கள்தொகையில் 1.1 சதவீதம். எழுத்தறிவு 54 சதவீதம் சொச்சம், அப்போது மாநிலத்துக்கு 80. அதற்கப்புறம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. பட்டியலில் 36 சமூகங்கள். ஒதுக்கீடு 1 சதவீதம். அதாவது 200 இடம் வந்தால் 2.

13 ஜூன் 2024, இரவு

36 இல்லை, 37. 2023 ஜனவரியில் நரிக்குறவரும் குருவிக்காரரும் ஒரே வரிசை எண்ணில் சேர்ந்துவிட்டார்கள். 1965இல், பட்டியலைத் திருத்த மத்திய அரசு போட்ட லோகூர் குழு பரிந்துரைத்தது, ஐம்பத்தேழு வருடம் கழித்துச் சட்டமானது. நம் ஆபீசில் ஒரு கோப்பு ஆறு மாதம் கிடந்தால் திட்டுவோம். டெல்லியிலும் மேசைதானே.

16 ஜூன் 2024

"கடுமையாக இல்லாவிட்டால் போலிகள் புகுந்துவிடுவார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். இதை நான் மறுக்கப்போவதில்லை, கண்ணால் பார்த்தவன். கொண்டா ரெட்டி, காட்டுநாயக்கன் என்ற பழங்குடிப் பெயர்களில், மலையையே பார்க்காத குடும்பங்கள் சான்று வாங்கி வேலைக்குப் போயின. தாசில்தார் அதிகாரத்தை ஆர்டிஓவுக்கு மாற்றிய பின்னணியில் இந்த அக்கப்போர்தான் இருந்தது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கும் கூர்நோக்குக் குழு, விழிப்புப் பிரிவு, மானிடவியல் விசாரணை என்று விதி வகுத்ததும் போலிகளைப் பிடிக்கத்தான்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? போலி ஆள் வக்கீலோடு வருவான். பத்து ஆவணம் காட்டுவான். மேல்முறையீடு, ரிட் மனு, தடை உத்தரவு என்று ஓய்வுபெறும் வரை இழுப்பான். உண்மையான ஆள் ஒருமுறை "ஆவணம் போதாது" என்று எழுதித் திருப்பினால் போதும், திரும்ப வரவே மாட்டான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவன் அவன். போலியைப் பிடிக்கப் போட்ட வலையில் அயிரை மீன்தான் சிக்கியது.

20 ஜூன் 2024

மானிடவியல் விசாரணை என்றேனே, அது எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்கள்.

காகிதம் இல்லாதவர்களிடம் பழக்கவழக்கம் கேட்பார்கள். கன்னியம்மன் கும்பிடுகிறீர்களா? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவீர்களா? கல்யாணம் எப்படிச் செய்வீர்கள்? எலி வளை தோண்டத் தெரியுமா? பாம்பு பிடிப்பீர்களா? அதிகாரிக்கு மானிடவியல் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அவருக்குத் தெரிந்த இருளர், பாம்பு பிடிக்கும் இருளர் மட்டும்.

ஒருமுறை ஒரு பெரியவரிடம் அதிகாரி கேட்டார், "பாம்பு பிடித்துக் காட்டுவியா?" பெரியவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எங்கள் பதிவறை மூலையைக் காட்டி, "அந்தக் கட்டுக்குப் பின்னால ஒண்ணு இருக்குது சாமி, பிடிக்கட்டுங்களா?" என்றார். அதிகாரி கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். அங்கே பாம்பு இருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சான்று அன்று மாலையே கையெழுத்தானது.

எல்லாக் கோப்பும் அப்படி முடியவில்லை. 1998 வாக்கில் ஒரு பையன் ஐடிஐ சேர்வதற்காக வந்தான். பத்தாவது தேறியவன், அந்தக் குடியிருப்பிலேயே முதல் ஆள். பேண்ட் சட்டை போட்டிருந்தான், கையைக் கட்டாமல் நின்று பேசினான். பாம்பு பிடிக்கத் தெரியாது, ஹாஸ்டலில் படித்தேன் என்றான். அந்தப் பிரிவு உதவியாளர் கோப்பில் எழுதினார்: "மனுதாரரிடம் பழங்குடியினருக்குரிய பழக்கவழக்கங்கள் காணப்படவில்லை."

படி படி என்று விடுதி கட்டி அனுப்புகிறோம். படித்துவிட்டு வந்தால், நீ அவன் மாதிரி இல்லையே என்கிறோம். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு வால்.

21 ஜூன் 2024

வேடிக்கைக்கு ஒன்று. வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. பாம்புத்தோல் வியாபாரம் தடையானபின் பிழைப்புப் போன குடும்பங்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் உதவியோடு, தோலுக்குப் பதில் விஷம் எடுத்துப் பிழைக்கக் கற்றன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றைப் பிடித்து, மண்பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் பெரிய ஆதாரம். அங்கே வேலை செய்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவில் ஃப்ளோரிடா வரை போய்வந்தவர்கள்.

வேடிக்கை எங்கே என்றால், பாம்பு வனத்துறைக்குச் சொந்தம். சங்கம் தொழில் வணிகத்துறைக்கு. பிடிப்பவரின் குடிசை இருக்கும் இடம் வருவாய்த்துறைக்கு. பிள்ளையின் பள்ளி ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறைக்கு. நான்கு துறையும் ஒரே மேசைக்கு வந்து பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

11 ஜூலை 2024

பச்சமலைப் பழங்குடிப் பள்ளி மாணவி ஜேஇஇ எழுதித் திருச்சி என்ஐடியில் சேர்கிறார், செலவை மாநில அரசு ஏற்கிறது. செய்தியைப் பார்த்தீர்களா? பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் பக்கம் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறினார், 23 வயது, பிள்ளை பெற்ற சில நாளில் போய்த் தேர்வு எழுதியவர். ஆக, குறை பிள்ளைகளிடம் இல்லை. அதையாவது முடித்துவைப்போம்.

"இவர்களால் முடிந்ததே, மற்றவர்களால் ஏன் முடியவில்லை" என்று உடனே ஒருவர் எழுதுவார். எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

12 ஜூலை 2024

எழுதிவிட்டார்.

பதில்: இவர்கள் இருவரும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ்நாட்டு மலைவாழ் மக்கள்). மலையில் ஊர் இருக்கிறது, நிலம் கொஞ்சம் இருக்கிறது, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் சான்று இருக்கிறது. சமவெளி இருளருக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஊருக்கு வெளியே நான்கு குடிசை, ஏரி நிரம்பினால் அதுவும் இடம் மாறும். பழங்குடி என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே மேடும் பள்ளமும் நிறைய.

18 ஜூலை 2024

அந்தப் பெண்ணின் மனு திரும்பி வந்துவிட்டது. காரணம்: "உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை." எந்த ஆவணம் என்று எழுதவில்லை. நான் பணியில் இருந்தபோது எழுதிய அதே வாக்கியம், அதே ஒற்றை வரி. எதிர்ப்பக்கம் நின்று படிக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

பொதுப்பிரிவில் விண்ணப்பித்து ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் காலியாகக் கிடந்த இடம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். தமிழ் இலக்கியம். அவள் கேட்டது வணிகவியல். விடுதி கிடைக்கவில்லை, அதற்குச் சான்று வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறாள்.

அத்தை ஒருவர் திருவள்ளூர் பக்கம் இருக்கிறாராம், அவர் மகனுக்குச் சான்று இருக்கிறதாம். அதைத் தேடப் போகிறோம்.

10 ஆகஸ்ட் 2024

நேற்று கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலிருந்து வருகிறது.

இதில் எனக்கு ஒன்று உறைத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பள்ளியே கணக்குக் கொடுத்துவிடுகிறது. தாத்தாவின் சாதியைத் தோண்ட வேண்டியதில்லை. நான் அலையும் அந்தப் பெண்ணுக்குப் பழங்குடியினர் நலத்துறையிலிருந்து இதுவரை ஒரு பைசா வரவில்லை. ஆனால் இந்த ஆயிரம் ரூபாய்க்கு மனு ஏற்றாயிற்று, சாதியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பழங்குடிக்கென்று போடாத திட்டம் பழங்குடிப் பெண்ணிடம் முதலில் போகிறது.

அப்படியானால் எல்லாத் திட்டத்தையும் இப்படியே போட்டுவிடலாமே என்று தோன்றியது. ராத்திரி முழுக்க அதையே நினைத்தேன்.

11 ஆகஸ்ட் 2024

தப்பு. பன்னிரண்டாவது வரை வந்த பிள்ளைக்குத்தான் அந்த ஆயிரம். எட்டாவதில் செங்கல் சூளை வேலைக்குப் போன பிள்ளைக்கு? 1 சதவீதத்தைப் பொதுவில் கரைத்தால் அந்த 2 இடமும் போய்விடும். 1990க்கு முன் பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 18 சதவீதமாக இருந்தபோது பழங்குடிக்கு என்ன கிடைத்தது என்று எனக்கே தெரியும். நேற்று எழுதியதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

24 ஆகஸ்ட் 2024

ஜூலை 12 குறிப்பில் மலையாளிகளிடம் சான்று இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலிருந்து ஒருவர் காய்ச்சி எடுத்துவிட்டார். நியாயமான கோபம்.

மலையாளி என்ற பெயர் பட்டியலில் மாவட்டக் கணக்கோடு இருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சி. இவற்றிலிருந்து பிரிந்த புது மாவட்டங்களும் அதில் அடக்கம். ஈரோடு 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. கோவைப் பெயர் பட்டியலில் இல்லை, அதனால் ஈரோட்டுக்கும் இல்லை. பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி, பழங்குடி இல்லை. அதே மலைத்தொடரில் சேலம் எல்லைக்குள் இருக்கும் அவர் மாமன் மகன் பழங்குடி. அந்த அன்பர் எழுதிய வரி: "பெண் எடுத்தால் கொடுத்தால் எல்லாம் அந்தப் பக்கம்தான் சார். என் அக்கா பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப், என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை."

இது ஆர்டிஓ ஆபீசில் தீரும் சங்கதி இல்லை, நாடாளுமன்றத்தில் தீர வேண்டியது.

8 செப்டம்பர் 2024

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன், முதுகுப்பக்கம் நிற்க.

அத்தை மகனின் சான்று நகல் கிடைத்தது. அத்தையும் அப்பாவும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். ஆதாரில் அத்தைக்கு அப்பா பெயர் "சின்னான்", இவருக்கு "சின்னப்பன்". ஒரே ஆள்தான். பதிந்தவர்கள் வேறு வேறு ஆள். பழைய பள்ளிப் பதிவேடு ஒன்றில் சாதி "வில்லி" என்று இருந்தது. வட மாவட்டங்களில் இருளரை அப்படியும் சொல்வது உண்டு. பட்டியலில் அந்தச் சொல் இல்லை. அதையும் விளக்கினேன். விசாரித்த அதிகாரி இளைஞர், பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு பெண்ணைப் பார்த்து, சற்றுத் தயங்கி, "எலி பிடிக்கத் தெரியுமா?" என்றார்.

"என் ஆத்தாவுக்குத் தெரியும் சார். எனக்குக் குறுந்தொகை தெரியும்."

எனக்குத் திக்கென்றது. சிரித்துவிட்டார் அவர். நல்லவேளை.

அவருக்கு ஒரு தகவல் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பழக்கவழக்கச் சோதனை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது, காலம் மாறும்போது, இடம் பெயரும்போது, பழக்கமும் மாறும் என்று சொல்லிவிட்டது. மகாராஷ்டிர தாக்கூர் சமூக வழக்கு அது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

9 செப்டம்பர் 2024

ஜூன் 20 குறிப்பில் ஐடிஐ பையனைப் பற்றி எழுதினேன். "அந்தப் பிரிவு உதவியாளர்" என்று எழுதினேன்.

நான்தான் அது. ஆண்டும் 1998 இல்லை, 1999.

விசாரணையில் அந்தப் பெண் பதில் சொன்னபோது அவன் முகம் வந்துவிட்டது. அவனும் அப்படித்தான், கையைக் கட்டாமல் பேசினான். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. பழக்கவழக்கம் என்று எழுதியதெல்லாம் பூச்சு. எழுபது வயது இருளரையும் "வாப்பா, போப்பா" என்று கூப்பிட்டுப் பழகிய அலுவலகம் அது. பதினாறு வயதுப் பையன் "நீங்கள் விதியைச் சொல்லுங்கள் சார்" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அவன் அப்புறம் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள். தேடவில்லை. தேடியிருந்தால் இங்கே முதல் நாளே எழுதியிருப்பேன்.

29 செப்டம்பர் 2024

"அவர்களே ஆபீசுக்கு வந்து கேட்கலாமே, ஏன் உங்களைப் போல ஒருவர் கூடவர வேண்டும்" என்று கேட்டவருக்கு, இன்றைய தேதியைப் பாருங்கள்.

1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் அந்த மலையாளி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள், ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேருக்குத் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 31 வருடம்.

215இல் வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. ஐந்துதானே என்று எங்கள் துறையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

சமவெளியிலும் அப்படித்தான். எங்காவது திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடிசைக்குத்தான் ஜீப் போகும். ஜீப் நம்மைத் தேடி வந்தே பழகியவர்கள், ஜீப் நிற்கும் வாசலுக்குத் தாமாக நடந்து வருவார்களா?

17 அக்டோபர் 2024

சான்று வந்துவிட்டது. "இந்து இருளர்". பெயர், தந்தை பெயர், எழுத்துப்பிழை இல்லை. மூன்று முறை படித்தேன்.

குறுஞ்செய்தி வந்தது அந்தப் பெண் எண்ணுக்கு, ஆனால் அந்தப் போன் அப்பாவிடம் இருந்தது, அப்பா கரும்பு வெட்டப் போன இடத்தில். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைக்காரர் லேமினேட் செய்யட்டுமா என்றார். வேண்டாம், க்யூஆர் படிக்காமல் போனால் மறுபடி அலைய வேண்டும் என்று சொல்லி, பாலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் அம்மா அதை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார். ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

16 நவம்பர் 2024

வீடு பற்றிக் கேட்டதை மறக்கவில்லை. பழங்குடிகளிலும் மிகவும் நலிந்தவர்களுக்கான பிரதமர் ஜன்மன் திட்டம் தொடங்கி நேற்றோடு ஒரு வருடம், பிர்சா முண்டா பிறந்தநாளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகங்களுக்கு. மத்தியக் கணக்கில் வீட்டுக்கு 2.39 லட்சம், மாநிலமும் மேலே போடுகிறது.

பணம் தவணையில் வரும். அடித்தளம் போட்டால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒன்று. முதலில் கைக்காசு போட வேண்டும். கைக்காசு இல்லாதவனுக்குத்தானே வீடு? அதனால் ஒப்பந்தக்காரர் ஒருவர் "நான் கட்டித்தருகிறேன், பாஸ்புக்கைக் கொடு" என்பார். அப்புறம் லிண்டலோடு நிற்கும் சுவர்கள், அதற்குள்ளேயே தார்ப்பாய் கட்டிக் குடியிருப்பவர்களை நீங்களே பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் பட்டா வேண்டும். ஏரிப் புறம்போக்கு ஆட்சேபனைக்குரிய இடம், பட்டா தர முடியாது. நீர்நிலையைக் காக்கத்தான் அந்த விதி, அதுவும் சரிதான். அப்படியானால் மாற்று இடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கல்லாங்குத்தில் கொடுப்பார்கள், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் இருக்கும். எங்கள் கோட்டத்திலும் அப்படி ஒரு மனைப்பிரிவுக்கு நான் வரைபடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். இன்னும் காலியாகக் கிடக்கிறது.

20 ஜனவரி 2025

பொங்கல் முடிந்துவிட்டது. செங்கல் சூளை தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். முன்பணம் முப்பதாயிரம், ஜூன் வரை அங்கேதான்.

உங்கள் முதல் கேள்விக்கு இன்னொரு பாதி பதில் இதில் இருக்கிறது. சூளைப் பருவம் தை முதல் ஆனி வரை. பொதுத்தேர்வு மாசி, பங்குனியில். பத்தாவது படிக்கும் பிள்ளை மாடல் தேர்வு நேரத்தில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்து இருக்கிறது. மீட்டால் உடனடி நிவாரணம் 30,000 வரை உண்டு. விடுவிப்புச் சான்று கொடுப்பவரும் அதே ஆர்டிஓதான். அதே மேசை, வேறு கோப்பு.

இந்த வருடம் அவள் போகவில்லை. சான்றைக் காட்டி விடுதியில் இடம் வாங்கிவிட்டாள். போன மார்கழியில்தான் கிடைத்தது, வருடம் பாதி போனபின். உதவித்தொகை இன்னும் வரவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு ஏதோ தகராறு.

எட்டாவது படிக்கும் தம்பி சூளைக்குப் போயிருக்கிறான்.

22 ஜனவரி 2025

தம்பியைப் பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். பள்ளித் தலைமையாசிரியை போன் செய்து கூப்பிட்டிருக்கிறார். பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம், பாட்டிக்குச் சோறாக்க முடியவில்லை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பார்க்கிறோம். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சேர்க்க என்ன வேண்டும் என்று ஊகித்திருப்பீர்கள்.

14 மார்ச் 2025

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய் நேற்றுத்தான் திரும்பினேன். போனதில்லை இதற்குமுன். கோப்பில் எத்தனை தடவை எழுதியிருப்பேன், "மனுதாரர் மாசி மகத்தன்று மாமல்லபுரம் செல்வதாகக் கூறினார்" என்று. கடற்கரை முழுக்கப் புடவையைக் கட்டி மறைத்த சின்னச் சின்னக் குடில்கள். விடியலில் மணலில் ஏழு படி பிடித்துக் கன்னியம்மனுக்குப் படையல். ஒரு பக்கம் பெண் பார்க்கிறார்கள், ஒரு பக்கம் கல்யாணம் நடக்கிறது.

சூளையிலிருந்து இரண்டு நாள் விடுப்புக் கேட்டு அந்தக் குடும்பமும் வந்திருந்தது. தம்பியை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனோம். மனு போட்டாயிற்று, 60 ரூபாய். இந்த முறை ரத்த உறவுச் சான்று இருக்கிறது: அக்காவுடையது.

மையத்தில் இருந்த பெண் அசலை ஸ்கேன் செய்யக் கேட்டார். அவன் அம்மா பாலித்தீன் உறையிலிருந்து எடுத்தார். "கொடுங்க அம்மா, உடனே தந்துடறேன்" என்று அந்தப் பெண் கை நீட்டினார். கொடுத்தார். ஆனால் ஒரு முனையை விடவில்லை. ஸ்கேனரின் மூடி இறங்கும்வரை அந்த முனை அவர் விரலிலேயே இருந்தது.